மோதிரக் கடைக்கு ஒரு கை

என் பெரிய மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். கையெழுத்து ஏன் வாலுவுடையதாக இருக்கிறது என்று யோசிக்காதே, எனக்குக் கை நிறைய வேலை, இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாயைத் தவிர வேறெதையும் அசைப்பதில்லை, அதனால் பிடித்து உட்கார வைத்தேன். அப்பாவுக்கு பஸ் டிப்போவில் மறுபடியும் ராத்திரி வேலை போட்டுவிட்டார்கள், பகலில் தூங்குகிறார், தூக்கத்திலும் பஸ் கழுவுகிறார், நேற்று தலையணையைப் பிடித்து அந்தத் தேய் தேய்த்தார். என் பிளாஸ்டர் வார்ப்பு வேலைக்குக் குறைவில்லை, ரோஜாப்பூ வைத்த போட்டோ சட்டம் வார்த்து உலர்வதற்குள் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீடு முழுக்கப் பிளாஸ்டர் மாவுதான், காலையில் எழுந்தால் எங்கள் புருவம்கூட நரைத்திருக்கிறது. வாலு மிச்சம் இருந்த கரைசலைக் குளியலறைக் குழியில் ஊற்றித் தொலைத்தாள், அது உள்ளே போய்க் கல்லாகி அடைத்துக்கொண்டது, வீட்டுக்காரர் படியேறி வந்து இது வீடா இல்ல கட்டடம் கட்டுற எடமான்னு சத்தம் போட்டார், உன் அப்பா அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து உங்களுக்கும் ஒரு சிலை வார்த்துத் தரேங்க, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு அசையாம நில்லுங்கன்னார், மனுஷன் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மேல்வீட்டுத் தையல்காரம்மாவின் புருஷன் ஓட்டுகிற லாரி நாளை விடியற்காலையில் உன் ஊர்ப் பக்கம் வருகிறது, சாயங்காலத்துக்குள் உன் விடுதி வாசலிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார். இரண்டு குருவி வைத்த சுவர்ப் பலகை அனுப்புகிறேன், ஈரத்துணியால் துடைக்காதே, சாயம் போய்விடும். கனம் அதிகம், இரண்டு ஆணி அடித்து மாட்டு. பரீட்சை நேரத்தில் வெறும் வயிற்றோடு படிக்காதே, தலை ஈரத்தோடு படுக்காதே, கூடப் படிக்கிற பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு நீ கோட்டை விடாதே. பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, நாங்கள் எங்கேயும் ஓடிப்போக மாட்டோம். நீ நர்ஸ் உடுப்பில் வார்டில் நடப்பதை நான் ஒருநாள் கதவோரம் நின்று பார்க்க வேண்டும், அந்த நாள் சீக்கிரம் வரட்டும், என் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இரு.

இப்படிக்கு உன் அம்மா

அக்கா, இதற்கு மேல் இருப்பதை அம்மா சொல்லவில்லை. இதை நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியாது. அவள் உள்ளே தூங்குகிறாள், அப்பா டிப்போவில் இருக்கிறார், நான் சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே அம்மா என்ற எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுபட்டிருக்கிறதே, அது அவள் போட்ட கையெழுத்து. தானே போட்டால்தான் உனக்குச் சந்தேகம் வராது என்று பேனாவை விரலுக்குள் செருகச் சொன்னாள், செருகினேன். கோடு கொஞ்சம் போனதும் பேனா நழுவி மடியில் விழுந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இன்னும் கையை ஆட்டி எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதி முடித்துவிட்டு, நல்லா இருக்காடி என்று கேட்டாள். நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். கடைத்தெருவில் மோதிரக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு பிளாஸ்டர் கை வேண்டும் என்று வந்தார். எப்படிப்பட்ட கை வேணும்ங்க என்று அம்மா கேட்டாள். அவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, இதோ, இதே மாதிரி நீளமான விரலா இருக்கணும் என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை, பாத்திரம் தேய்க்கும்போதுகூட விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். கைக்கான ரப்பர் அச்சு நம்மிடம் இல்லை. என் கையையே வச்சு அச்சு எடுத்துட்டாப் போச்சு என்றாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டாள். கை நெடுநேரம் உள்ளே இருக்க வேண்டாம், சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீரில் கெட்டியாகக் கரைக்கச் சொன்னாள். நான்தான் பக்கெட்டில் கரைத்துக் கொடுத்தேன். மணிக்கட்டுக்கு மேலே வரை வலது கையை விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்று நமக்குத் தெரியும், சட்டம் வார்க்கும்போது அச்சைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பு வந்தால்தான் சரக்கு நல்ல சரக்கு என்று அம்மா சொல்வாளே. அது உள்ளங்கை அளவு சரக்கு, இது ஒரு பக்கெட். முதலில் ஒத்தடம் கொடுத்த மாதிரி சுகமா இருக்குடி என்று சிரித்தாள். பிறகு மற்றக் கையால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுடுதாம்மா என்று கேட்டேன், வேலை செய்யுது, சும்மா இரு என்றாள். பிறகு அவள் நெற்றியெல்லாம் வேர்த்தது. பிறகு எடுடி, எடுடி, அப்பாவ எழுப்பு என்று கத்தினாள். அதற்குள் அது கல். இழுத்தால் பக்கெட்டும் சேர்ந்து வந்தது. அப்பா உளியும் சுத்தியலும் எடுத்து வந்து உடைத்தார். அவள் கையில் பட்டுவிடுமோ என்று மெதுவாகத் தட்டினார், மெதுவாகத் தட்டினால் உடையவில்லை, பலமாகத் தட்ட அவருக்குக் கை வரவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. வெளியே வந்தபோது விரல்கள் வெந்த மாதிரி வெளுத்திருந்தன.

மருந்துக்கடை அண்ணன் களிம்பு கொடுத்துக் கட்டுப் போட்டார், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா என்றும் சொன்னார். அம்மா கேட்கவில்லை. அங்க போனா வெரல எடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க, வெரல் இல்லாம நான் என்னத்த வார்க்கிறது என்றாள். அப்பா கூப்பிட்டுப் பார்த்தார், அவள் அழ ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். உளியால் தான் எங்கேயோ குத்திவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவள் இருக்கும் பக்கம் திரும்புவதே இல்லை. உடைந்த அச்சைக்கூட அம்மா தூக்கிப் போட விடவில்லை, உள்ள நல்லா விழுந்திருக்கு, வீணாக்காத என்று என்னைத் துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி வார்க்கச் சொன்னாள். வார்த்தேன். நகமும் விரல் ரேகையும்கூட அப்படியே வந்திருக்கிறது. கடைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார், அச்சு அசல் உங்க கையேதாம்மா என்றார். அம்மா புடவைத் தலைப்புக்குள் கட்டை மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் இரண்டு நாள் அவள் வலியில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு நடுவில் இருக்கிற மூன்று விரலும் வலிக்கவில்லை என்றாள். பாத்தியா, ஆறுது என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று கட்டு மாற்றினேன். அந்த மூன்றும் கரி மாதிரி இருக்கின்றன, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது, ஒரு வாடை வருகிறது. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பு ஏறியிருக்கிறது. நான் விரலை அழுத்தினேன், அவள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இப்போது உடம்பு கொதிக்கிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், சொன்னா அவ பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்துடுவா, அப்புறம் நான் உயிரோட இருந்தும் பிரயோஜனமில்ல என்றாள். சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மீறாவிட்டாலும் ஆகிவிடும் போல இருக்கிறது. அப்பா விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் வருவார், வந்தாலும் அவள் அழுதால் விட்டுவிடுவார்.

நீ பதில் எழுது, நீ சொன்னால் கேட்பாள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் லாரி போய், நீ படித்து, பதில் திரும்பி வருவதற்குள் சிவப்பு எங்கே வரை ஏறியிருக்குமோ. அதனால் வேறு ஒன்று செய்யப் போகிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. இப்போது மேலே போய்த் தையல்கார அத்தையை எழுப்பி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பிறகு அம்மாவை எழுப்பி, அக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்களாம், லாரி மாமாவுக்குத் தகவல் வந்ததாம் என்று சொல்வேன். தனக்கென்றால் தெருமுனை வரைகூட வர மாட்டாள், உனக்கென்றால் தலைகூட வாராமல் கிளம்பிவிடுவாள். வழியில் வேறு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினால் இறங்கமாட்டாள், நேராக உன்னிடம்தான் வருவாள். அத்தையும் கூட ஏறிக்கொள்வாள் என்று நம்புகிறேன், முன்சீட்டில் அவ்வளவுதான் இடம். நான் வரவில்லை. அப்பா வரும்போது வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தால் அவர் தாங்க மாட்டார், சொல்வதற்கு நான் இருக்க வேண்டும். அவர் அடித்தால் அடிக்கட்டும்.

இந்தத் தாளை மாமா உன்னிடம் தனியாகக் கொடுப்பார். வாசலில் அம்மா உன்னை நல்லபடியாகப் பார்த்ததும் புரிந்துகொள்வாள், என்னைத் திட்டுவாள், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று லாரியைத் தேடுவாள். நீ பொறுமையாகப் பேசிக்கொண்டு நிற்காதே, உன் ஆஸ்பத்திரியில் உனக்குத் தெரிந்த பெரிய நர்ஸ் யாராவது இருந்தால் முதலில் அவரை வரச் சொல்லிவிடு. பரீட்சையை மட்டும் விடாதே அக்கா, விட்டால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள். விரல் போனாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் அதைத்தான் சொல்ல நினைக்கிறேன். கட்டைப் பிரிக்கும்போது வலிக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லவே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவர்கள் கட்டைத் திரும்பச் சுற்றி அனுப்ப விடாதே.

இப்படிக்கு
வாலு