கீழ்த்தட்டில் ஓடிய கப்பல்

செவ்வாய், இரவு

இன்று நடந்ததை நம்பக்கூடிய ஆள் இந்தப் புதுச்சேரியில் இன்னும் பிறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

சேதராப்பட்டில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் நான் சீர்த்தட்டோடு நிற்கிறேன், வானமே பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. எனக்கு உயிரே இல்லை. நான் நூலகராக இருக்கும் உப்பளம் கிளையின் கீழ்த்தட்டில் பழைய பிரெஞ்சுத் தமிழ் அகராதிகள் இருக்கின்றன. நனைந்தால் இனி எங்கும் கிடைக்காது. எனக்குப் பதிலாக இன்று அங்கே இருந்தது மூலக்குளம் கிளையின் கலைவாணி. அவளுக்கு இடம் புதுசு. போன் போட்டேன்.

"இன்னா சார், கப்பலப் பத்தியா?" என்றாள்.

நூலகர்கள் நாங்கள் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கியில், "மழை வந்தால் வடக்குச் சுவர்க் கீழ்த்தட்டில் கப்பல் ஓடும்" என்று நான்தான் அளந்துவிட்டிருந்தேன். காலையிலேயே அதைப் படித்தவள், மேகம் கறுத்ததும் அகராதிகளை மேசைக்கு ஏற்றிவிட்டாளாம்.

"தண்ணி வந்துச்சா?"

"கணுக்கால் வரைக்கும். விக்கியில கப்பல எடுத்துட்டு, கணுக்கால் அளவு தண்ணி வரும்னு போட்டுட்டேன்."

"என் கப்பலையா?"

"அடுத்து வர்றவங்க கப்பலத் தேடிட்டு நிப்பாங்க சார்."

சந்தோஷத்தில் நான் ஆடிய ஆட்டத்தில் மண்டபமே ஆடியது, மழை பயந்துபோய் நின்றது. சரி, மண்டபமும் மழையும் நான் விட்ட கப்சா. ஒரு புத்தகம்கூட நனையவில்லை, அது மட்டும் நிஜம்.