பொன்வளையத் தட்டானுக்கு ஒரு கொட்டகை

மதுரை,
12-11-1934

அருமை மகன் ஜலீலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான், உன் அம்மா, தங்கை ரோஷன் மூவரும் சுகம், கல்கத்தாக் குளிர் உன் நெஞ்சில் ஏறாமல் இருக்க துஆச் செய்கிறோம். கம்பளி வாங்கினாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நிற்க. கோச்சடை ஆற்றங்கரையில், நம் கடைப் பாய்க்குக் கோரை அறுக்கும் இடத்தில், வேறெங்கும் காணாத பூச்சி ஒன்று இருப்பதாகவும் அதைக் காப்பாற்ற வேண்டுமென்றும் தாலுகா கச்சேரிக்கு மனுப் போட்டாயல்லவா, மனு பலித்துவிட்டது. ஆனால் வாலில் மஞ்சள் வளையம் இருக்கிறதென்று அதற்குப் பொன்வளையத் தட்டான் என்று நீயாக ஒரு பெயர் வைத்தாயே, மனுவில் ஓரிடத்திலாவது தும்பி என்றோ பூச்சி என்றோ எழுதியிருந்தால் கையா தேய்ந்து போயிருக்கும்? பொன் வளையல் செய்கிற தட்டான் ஒருவர் ஆற்றோரம் பிழைக்க வழியில்லாமல் கிடக்கிறார் என்று படித்துப் பார்த்த அதிகாரிக்கு மனம் இளகிவிட்டது. நான்கே நாளில் கோரையை வேரோடு பிடுங்கி, சுண்ணாம்பு தெளித்து, கொட்டகை போட்டு, துருத்தியும் உலையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அங்கே தட்டான் யாருமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்ததாம். உத்தரவு வீணாகக் கூடாதென்று, மாட்டுக்கு லாடம் அடிக்கும் மொக்கைச்சாமியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பாய், எனக்கு லாடந்தான் தெரியும்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், சும்மா உக்காருடான்னுட்டாக என்று என்னிடம் அழாத குறை. ஐயா, அது பூச்சி என்று நான் கச்சேரியில் போய்ச் சொன்னதற்கு, பூச்சிக்கு எதுக்குய்யா துருத்தி என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். உன் அம்மா வேறு, சர்க்கார் தட்டானாமே, ரோஷனுக்கு அவரிடமே வளையல் செய்யக் கொடுக்கலாமா என்கிறாள்.

சிரிக்காதே. அடுத்த மாதம் உன் மியூசியத் துரை இதைப் பார்க்கவே மதுரை வருகிறார், பூச்சி இல்லாவிட்டால் நான் பொய்யனாவேன், வேலையும் போய்விடும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் ஆற்றில் இறங்கித் தேடினேன். சின்ன வயதில் இதன் பின்னால் ஓடி மதரஸாவுக்கு மட்டம் போட்டாய் என்று உன்னை அடித்தவன், இந்த வயதில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்தேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒச்சாயி, என்ன பாய், எதைத் தொலைச்சீக என்று கேட்டாள், நான் பாட்டுக்கு அடுத்த புதரை விலக்கிப் பார்த்தேன். நேற்று மதியம்தான் கண்டேன். கொட்டகைக்கு வெகு தூரம் தள்ளி, ஒரு தாழம்புதருக்குள் இரண்டு இருந்தன. ஒன்று வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டது, அந்த வளையம் வெயிலில் மின்னியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, லுஹர் தொழுகையும் தவறிவிட்டது. அன்றைக்கு உன்னை அடித்தது தப்பு ஜலீல்.

துரையை நேராக நம் கடைக்குக் கூட்டி வா, மாட்டு வண்டியில் நானே அழைத்துப் போகிறேன். இடத்தை இதில் எழுதவில்லை. இனி யாருக்கும் மனு எழுதாதே, முக்கியமாகத் தமிழில். நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு, கச்சேரிக்குத் தெரிந்தால் அந்தப் புதருக்கும் உலை வைத்துவிடுவார்கள்.

உன் அத்தா,
பா. அப்துல் வஹீது