சொட்டாத மூக்கு

1938 ஏப்ரல் 4, திங்கள்

இன்று ஹாஸ்கெட் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவரிடம் காரியதரிசியாகச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இதுதான் முதல் தடவை.

நியூயார்க்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்திருந்தார். சொந்தக் காலில் நின்று கம்பெனி கட்டியவர்களைப் பற்றித் தொடர் எழுதுகிறாராம். ஹாஸ்கெட் வழக்கமான கதையை எடுத்துவிட்டார். 1931 மார்ச், கொட்டும் மழை, அவருடைய அப்பாவின் இரும்புக்கடை வாசல். தகரக் கூரையின் விளிம்பு மடங்கியிருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சுவரில் வழியாமல் தனியே விழுந்ததாம். "அந்த நிமிஷம் பொறந்ததுதான் சார் நம்ம சொட்டாத மூக்கு!" மூக்கு என்றால் எங்கள் காபிக் கெட்டிலின் மூக்கு. ஊற்றி முடித்தால் ஒரு சொட்டுக்கூட மேஜைத் துணியில் விழாது. அமெரிக்காவில் பாதி வீட்டில் அதுதான்.

விஸ்கான்சினில் மார்ச் மாதம் கொட்டும் மழை! அந்த வருடம் முழங்கால் வரை பனி கிடந்தது. பத்திரிகைக்காரருக்கு என்ன தெரியும்?

நான் காபி கொண்டுபோனேன். "மிஸ் க்ளூகே இல்லேன்னா இந்தக் கம்பெனியே இல்ல, எழுதிக்குங்க!" என்றார். பத்திரிகைக்காரர் எழுதவில்லை. நானும் உட்காரவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பப்போகிறாரோ? போன வருடம் பேக்கிங் பகுதி டோப்கேயை இப்படித்தான் தோளில் தட்டினார். ஈஸ்டருக்கு முழுப் பன்றித்தொடை ஒன்றும் அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை டோப்கேக்கு வேலை இல்லை.

ஏப்ரல் 16, சனி

பன்றித்தொடை வந்துவிட்டது.

ஏப்ரல் 19, செவ்வாய்

வேலை போகவில்லை. அதைவிடப் பெரியதாக ஒன்று வந்திருக்கிறது.

மில்வாக்கியிலிருந்து பென் என்ற வக்கீல் வந்து ஒரு மணி நேரம் இருந்தார். சிகாகோவில் ஒரு கெட்டில் கம்பெனி எங்கள் மூக்கை அப்படியே போடுகிறது. ஹாஸ்கெட் வழக்குப் போட்டிருக்கிறார். 1931 கோடையிலேயே நாங்கள் செய்துவிட்டோம், உங்கள் காப்புரிமை செல்லாது என்கிறார்கள் அவர்கள். அதற்கு முன்பே, மார்ச்சிலேயே, எங்களுக்கு அந்த யோசனை வந்துவிட்டது என்று காட்ட எங்களிடம் இருப்பது கண்டுபிடிப்பு நோட்டு. எந்தப் புது யோசனையையும் அதில் வரைந்து, தேதி போட்டு, மேல் கோட்டில் கண்டுபிடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கீழ்க் கோட்டில், 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே, சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சி. மார்ச் 12ஆம் தேதிப் பக்கத்தில் சாட்சி நான்.

"நீங்கதாம்மா எங்க துருப்புச் சீட்டு," என்றார் பென். "இது உங்க கையெழுத்துன்னு சொல்லுங்க, போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

'வேற ஒண்ணும்' என்பதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார்? யார் என்ன சொல்லி அனுப்பினார்கள்?

மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கண்டுபிடிச்சது வேற யாராவதா இருந்தா என்ன ஆகும்?"

"பேட்டன்ட் குப்பைக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

ஏப்ரல் 20, புதன்

யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

1931 மார்ச் 11. டைப் அடித்து முடித்த கடிதத்தின் மேல் கெட்டில் மறுபடியும் சொட்டியது. அந்த வாரத்தில் மூன்றாவது கடிதம். வந்த கோபத்தில் ஹாஸ்கெட்டின் மேஜை இழுப்பறையிலிருந்து குறடை எடுத்து மூக்கின் நுனியைக் கீழ்ப்பக்கமாக வளைத்தேன். அதிகம் வளைத்தால் தெறித்தது. குறைத்தால் பழையபடி அடியில் ஒட்டிக்கொண்டு வழிந்தது. நாலு தடவை மாற்றினேன். ஐந்தாவது தடவை நின்றது. அவர் வெளியூரிலிருந்து வந்தார், நான் ஊற்றிக் காட்டினேன். "அட!" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை நோட்டை நீட்டினார். படம் வரைந்து மேலே அவர் பெயர். "இங்க ஒரு கையெழுத்து, மிஸ் க்ளூகே."

போட்டேன்! சம்பந்தமில்லாதவள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். முட்டாள்.

ஏன் போட்டேன்? நம் முதலாளியின் நோட்டு, நம் மேஜையில் இருந்த கெட்டில், இதில் என்ன தனியாகப் பெயர் என்று தோன்றியது. உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. மழைக் கதையை முதலில் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. அதற்குள் காப்புரிமையும் வந்துவிட்டது. மனிதர் மறந்துபோய்விட்டார், சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மறந்துதான் போனாரா?

ஏப்ரல் 22, வெள்ளி

தங்கை ஒட்டிலியோடும் அவள் கணவன் ரைன்ஹோல்டோடும் மீன் சாப்பிடப் போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இத்தனை வருஷமா வாயில என்னக்கா வச்சிருந்த?" என்று ஒட்டிலி சத்தம் போட்டாள். பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. "கோர்ட்டுல நின்னு பட்டுனு சொல்லு! அந்த ஆளு மூஞ்சிய நான் பாக்கணும்!"

ரைன்ஹோல்ட் எங்கள் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறவன். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தபடி இருந்தான். "சொல்லுங்க மின்னாக்கா. உங்க உரிமை. ஆனா பேட்டன்ட் போனா, சிகாகோக்காரன் பாதி விலைக்குத் தள்ளுவான். எங்க பட்டறைதான் முதல்ல மூடும். அப்புறம் முந்நூறு பேரும் தெருவுல."

"நீ பேசாத!" என்றாள் ஒட்டிலி.

அவன் பயப்படுவது நியாயம். ஆனால் ஹாஸ்கெட் இவனிடம் பேசியிருப்பாரோ என்றும் ஒரு கணம் நினைத்தேன். என் சொந்தத் தங்கை கணவன். சீ, என்ன மனசு இது!

ஏப்ரல் 27, புதன்

அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக்கொள்ளும்போது பட்டென்று கேட்டேன். "அன்னிக்கு மழையா பெய்ஞ்சுது, மிஸ்டர் ஹாஸ்கெட்?"

"கொட்டுச்சே! உங்களுக்கு ஞாபகமில்ல?"

கண் அவ்வளவு தெளிவாக இருந்தது. பொய் சொல்கிறவருக்கு இப்படி இருக்குமா? இருக்கும். பத்தாயிரம் கடைக்காரர்களின் தலையில் கெட்டிலைக் கட்டியவர் அவர். விற்கத் தெரிந்தவர். அதை நான் மறுக்கவே மாட்டேன். என்னிடமே விட்டிருந்தால் அந்த மூக்கு என் மேஜையிலேயே இருந்திருக்கும்.

மே 9, திங்கள்

சொன்னால் போவது ரைன்ஹோல்டின் வேலை. சொல்லாவிட்டால் என் பெயர்.

மே 12, வியாழன்

மில்வாக்கி. கோர்ட்.

பென் மூன்றே கேள்வி கேட்டார். என் கையெழுத்தா? ஆம். அந்தத் தேதியிலா? ஆம். வரைந்தது யார்? மிஸ்டர் ஹாஸ்கெட். எல்லாம் உண்மை. உட்கார்ந்துவிட்டார்.

சிகாகோ வக்கீல் எழுந்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்பார் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அந்த எண்ணமே இல்லை.

"நீங்க டைப்பிஸ்ட்தானே?"

"காரியதரிசி."

"சரி. 'படிச்சேன், புரிஞ்சுக்கிட்டேன்'னு போட்டிருக்கு. இந்தப் படத்துல உங்களுக்கு என்னம்மா புரிஞ்சிருக்கும்? நீட்டின எடத்துல போட்டீங்க, அவ்வளவுதானே? என்னிக்கு நீட்டினாங்கன்னுகூட ஞாபகம் இருக்காது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. படத்தைக் கொண்டுவரச் சொன்னேன். ஊற்றி நிறுத்தும்போது கடைசிச் சொட்டு ஏன் அடியில் ஒட்டிக்கொள்கிறது, நுனியை எவ்வளவு வளைக்க வேண்டும், கூடினால் என்ன, குறைந்தால் என்ன, படத்தில் விளிம்பு தடிமனாக இருப்பது ஏன் தப்பு, எல்லாம் சொன்னேன். நீதிபதி முன்னால் சாய்ந்து கேட்டார். எனக்கு நிறுத்தவே மனம் வரவில்லை. முதல் தடவையாக ஒரு சபையில் அதைப் பற்றிப் பேசுகிறேன்!

"இதையெல்லாம் யார் வெளக்கினாங்க உங்களுக்கு?"

"யாரும் வெளக்கல."

"பின்னே எப்படித் தெரியும்?"

வாய் வரை வந்துவிட்டது. ஹாஸ்கெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ரைன்ஹோல்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த ஆபீஸ்ல தெனமும் காபி ஊத்துறது நான்தான் சார்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும். அவர்கள் சிரித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை. எவ்வளவு நன்றாக விளக்கினேனோ அவ்வளவு உறுதியாக அது ஹாஸ்கெட்டின் சொத்து ஆகிவிட்டது.

திரும்பும்போது ஹாஸ்கெட் காரில் ஏற்றிக்கொண்டார். ஏரிக்கரைச் சாலையில் வரும்போது, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "நீங்க அந்தக் குறடை எடுத்து வளைச்சதைச் சொல்லிடுவீங்களோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு, மின்னா."

குறடு.

எல்லாம் ஞாபகம் இருக்கு இந்த ஆளுக்கு. குறடுகூட ஞாபகம் இருக்கு! ஏழு வருஷம் மறந்துட்டார், மறந்துட்டார்னு நான்தான் மன்னிச்சுக்கிட்டே கெடந்தேன்.

"மின்னான்னு கூப்பிடாதீங்க," என்றேன். பிறகு: "அவங்க தோத்தா அப்பீலுக்குப் போவாங்களாம். பென் சொன்னார். மறு விசாரணை வந்தா என்னை மறுபடியும் கூப்பிடுவாங்க."

மிரட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறதா? இல்லை.

மே 27, வெள்ளி

தீர்ப்பு எங்கள் பக்கம். தொழிற்சாலைச் சங்கு விடாமல் ஊதியது. ரைன்ஹோல்ட் தெருவிலேயே வைத்து என்னைக் கட்டிக்கொண்டான். ஒட்டிலி என்னோடு பேசவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

கெட்டிலைச் சாய்க்கும்போது மூடி விழாமல் இருக்க ஒரு வழி. வீட்டுச் சமையலறையில் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தேன். இன்று காலை நோட்டை நானே எடுத்துக்கொண்டு ஹாஸ்கெட்டின் அறைக்குள் போனேன். படம் நான் வரைந்தது. மேல் கோட்டில் ஹெர்மினா க்ளூகே.

அவர் நெடுநேரம் பார்த்தார். பேனாவை எடுத்துக் கீழ்க் கோட்டுக்குக் கொண்டுபோனார்.

"படிச்சீங்களா?" என்றேன்.

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை விளக்கினேன். பிறகுதான் கையெழுத்துப் போட விட்டேன்.