நடுவுல ஒரு பஃபர்

என்னங்க,

போன் போட்டா "அந்தப் பொம்மை ரயிலை எடைக்குப் போடு"ன்னு சொல்லி வச்சிடுறீங்க. கடுதாசியை அப்படி வைக்க முடியாது, அதான் எழுதுறேன்.

எதையும் போடலை. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு மேசையில பாதியில நின்ன கூட்ஸ் பெட்டிகளை நானே ஒட்டுனேன். லண்டன் சாமானாச்சே, அட்டையில இருந்த படத்தைப் பாத்து, பெட்டியும் பெட்டியும் முட்டுறதைத் தாங்குற பஃபரை முனைக்கு ரெண்டா வச்சுட்டேன். அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு, நம்ம பழனி மீட்டர்கேஜ் வண்டிக்கு நடுவுல ஒண்ணுதானே! அம்புட்டையும் பிளேடால அறுத்துட்டு மறுபடி ஒட்டுனேன். விரல்ல ரெண்டு வெட்டு. இப்ப ஏழு பெட்டி வரிசையா நிக்குது.

பிசியோதெரபி பொண்ணு பேசுச்சு. அசையாத வலது கையால அமுக்கச் சொல்லிக் குடுத்த பந்தை அய்யா தொடவே மாட்டேங்கிறாராம். கேட்டுக்கிட்டேன்.

கடைசியில மாட்டுற கார்டு பெட்டியை மட்டும் நான் தொடலை, தொடவும் மாட்டேன். முப்பது வருசம் ரயில்வே கார்டா அதுல நின்னவரு நீங்க. அதை நீங்கதான் வந்து ஒட்டணும். கார்டு கொடி காட்டாம இந்த வண்டி கெளம்பாது.

இடது கையில காட்டுனாலும் பச்சைக்கொடி பச்சைக்கொடிதான்.

திண்டுக்கல்லுல காத்துக்கிட்டிருக்கிற
உங்க வீட்டுக்காரி