மடியில் சாய்த்த தலை

ஐப்பசி 12, செவ்வாய் இரவு

அப்பாவும் மகளும் காரிமங்கலம் சந்தைக்குப் போன இடத்தில் ஜெனிக்கு வலிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் கையோடு வைத்திருந்த வலிப்பு மருந்தை அவள் மூக்கில் அடித்திருக்கிறார். நின்றுவிட்டது. இப்போது தூங்குகிறாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த மருந்துத் துளிகள் மூக்குக்குள் எங்கே போய் ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் என் வேலை. இத்தனை மாதமும் நேராக உட்கார்ந்திருப்பவர் தலைக்கே கணக்குப் போட்டிருக்கிறேன். வலிப்பில் எந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும்? பெற்றவளுக்கே தோன்றவில்லை.

"அவ தலைய எப்படிங்க புடிச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இங்க வா புள்ள, காட்றேன்" என்று என் தலையை மடியில் ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டார். ஜெனியைப் பிடித்த மாதிரியே என் கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

தலை சாயும் கோணம் பார்க்க ஜெனியின் பாகைமானியை எடுத்து வைத்திருந்தேன். அதை எடுக்க அந்த மடியிலிருந்து எழ மனம் வரவில்லை.