டொரத்தி வளைவு

கெலாங் பாத்தா,
அக்டோபர் 6

அன்புள்ள டொரத்திக்கு,

லோஷினி எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. ஒன்பது மாதமாக என் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதிலே போடாமல் இருக்கிறாய். அதனால்தான் தபால் தலை வாங்கி ஒட்டியிருக்கிறேன். டப்ளின் குளிரும் ஆஸ்பத்திரி வேலையும் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும்.

நான் இங்கே ஒரு வரைபட நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மற்றவர்கள் டிரோன் விட்டுப் படம் எடுப்பார்கள், கணினியில் மரங்களை எண்ணுவார்கள். அதைச் சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி கட்டுரையாக எழுதுவது என் வேலை. முதல் மாதம் எனக்கே ஒன்றும் புரியவில்லை. இப்போது அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நவம்பர் கடைசியில் பயிற்சி முடிகிறது. என்னை வேலையில் வைத்துக்கொள்வார்களா என்பதுதான் கவலை.

போன மாதம் வந்தது எந்த இடத்தின் படம் தெரியுமா? சாஆவில் நாம் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டமேதான்! பிளாக் பதினேழு, பதினெட்டு என்று எண் போட்டிருந்ததில் எனக்குத் தலை சுற்றியது. என் வசதிக்காக நாம் சொல்லும் பெயர்களை அதில் எழுதிவைத்தேன். காளியப்பன் பாலம், பாம்பு மேடு, டொரத்தி வளைவு. அவசரத்தில் அந்தப் படத்தையே தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்பித் தொலைத்தேன். அலமாக்!

மறுநாளே தோட்ட மேனேஜர் சுகுமாறன் போன் செய்தார். என் மேலாளர் மிஷேல் அதை ஸ்பீக்கரில் போட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். சுகுமாறனோ, "பிளாக் பதினேழுன்னா லோரிக்காரனுக்குத் தெரியாதுங்க, டொரத்தின்னா நேரா வந்துருவான். பேர அப்படியே போடுங்க லா" என்றார். புதிதாக வந்த வங்காளதேசத்து ஆட்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். டொரத்தி யாரோ பழைய வெள்ளைக்காரத் துரையின் மனைவி என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தப் பெயர்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் மிஷேல். நன்றாக வந்தால் நிரந்தர வேலைக்கு அவரே பேசுவாராம். ஆனால் பெயருக்கு உரியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். காளியப்பன் மாமா கையெழுத்துப் போட்டதோடு, தன் போட்டோவையும் கொடுத்துவிட்டார். பாக்கி நீதான்.

எந்த முகத்தோடு கேட்பது? போன கிறிஸ்துமஸுக்கு நடந்த உன் நிச்சயதார்த்தத்தில், நீ மோட்டார் சைக்கிளோடு அந்த வளைவுக் கால்வாயில் விழுந்ததையும், தீபாவளிக் கறி உன் மேல் கொட்டி நாய்கள் வீடுவரை உன்னைப் பின்தொடர்ந்ததையும் ஆலன் வீட்டார் முன்னால் நடித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ உள்ளே போய் அழுதது பிறகுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. உன் கல்யாணத் தேதியைக்கூட மற்றவர் சொல்லித்தான் கேட்டேன். அன்று நான் அழுதேன்.

சம்மதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன். வேலை போனால் போகட்டும், வேறு கிடைக்கும்.

கையெழுத்துப் போட மனமில்லாவிட்டால், தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. என்னைத் திட்டியாவது எழுது. பக்கம் நிறையத் திட்டு.

மாதா உன்னையும் ஆலனையும் காக்கட்டும்.

வாய் அடங்காத உன்
லோஷினி