காய்ச்சல் விட்ட பிறகு

என்னங்க,

போன் செய்தால் ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசுவீர்கள் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். இன்று ஏன் வரவில்லை என்று நர்ஸ் சகாயராணியைப் படுத்தாதீர்கள். பொன்மலை பஸ்ஸில் ஒரே கூட்டம். நாளையும் கூட்டமாகத்தான் இருக்கும்.

காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குச் சைக்கிளை எடுத்தீர்கள். "தலைக்கு ஊத்தியாச்சு, இனிமே என்ன?" என்றீர்கள். என் பேச்சு எடுபட்டதா? இப்போது நுரையீரலில் சளி கட்டி, மறுபடியும் காய்ச்சல்.

ரத்தத்தில் வெள்ளையணு நிறைய இருக்கிறதே, பிறகென்ன என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இருக்கும்மா. ஆனா ஃப்ளூ வைரஸ் அதுங்க வேலையைக் கெடுத்துடும். கிருமியைப் பிடிக்கும், கொல்லத் தெம்பு இருக்காது. காய்ச்சல் விட்டாலும் அதுங்க தேற நாளாகும். அந்த நேரம் பார்த்து வேற கிருமி உள்ள வந்துடுது" என்றார்.

ஷிப்டுக்கு எல்லோரும் வந்தும் ஒரு மெஷின்கூட ஓடாத ஒர்க்‌ஷாப்பை நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளையணுக்கள் தேறும்வரை படுத்திருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாப்பா ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்கா உள்ளே வரவில்லை. கேட்டிலேயே நின்று கூட்டிப்போனாள். நான்தான் வரவேண்டாம் என்றேன். எனக்குப் பசிதான் இல்லை, வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

பி.கு.: இதையும் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். படித்ததும் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.